தங்கைக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது

அத்தாவுல்லாவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் தாம்பரம் பக்கத்தில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அவருடைய டிரைவிங் ஸ்கூல். ஸ்கூல் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேசை, ஒரு மின்விசிறி, கீழே தெருவோரம் இரண்டு வெள்ளைக் கார்கள், அவ்வளவுதான். காட்டாங்குளத்தூர் காலேஜ் வாத்தியார்கள், ஐ.டி. கம்பெனிப் பெண்கள், ரிட்டயர் ஆன பிறகு ஆசை வந்த ரயில்வேக்காரர்கள் என்று எல்லா வகை ஆட்களும் அவரிடம் வந்து கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

கற்றுக்கொடுக்கும் வண்டியில் இடப்பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. அத்தாவுல்லாவின் பிழைப்பே அந்த பிரேக்கில்தான் இருந்தது. ஓட்டுகிற ஆள் எதிரே வரும் மாட்டைப் பார்த்துப் பதறி எதையோ மிதிப்பதற்குள் வண்டி நின்றிருக்கும். "பாத்தீங்களா, கரெக்டா நிறுத்திட்டீங்க" என்பார். நிறுத்தியது யார் என்று அவருக்குத் தெரியும், மாட்டுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அப்படி ஒரு பொய் சொன்னால்தான் கற்றுக்கொள்கிறவர் மறுநாள் தைரியமாக வருவார் என்பது அவர் கட்சி. நல்ல மனுஷன். எதிரில் இருப்பவரைச் சங்கடப்படுத்துகிற உண்மையைச் சொல்ல மட்டும் வாயே வராது. பின்னால் அவர் பட்ட பாடெல்லாம் இந்தக் குணத்தால் வந்ததுதான்.

போன வருஷம் அவர் பாடம் நடத்தும் பாதை மெல்ல மெல்ல மாறியது. முன்பெல்லாம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறினால் வண்டலூர் வரை நிற்காமல் போகிறவர், இப்போது இரும்புலியூர் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க், பம்மலில் பள்ளிவாசல், பெருங்களத்தூரில் தெரிந்த மெக்கானிக் ஷெட் என்று கழிப்பறை இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்தினார். ஒவ்வொரு இடத்திலும் "நீங்க கண்ணாடிய அட்ஜஸ்ட் பண்ணிகினு இருங்க, தோ வந்துட்டேன்" என்று இறங்கிப்போவார். கற்றுக்கொள்கிறவர்கள் கண்ணாடியை அட்ஜஸ்ட் செய்தே சலித்துப்போனார்கள். உள்ளே போனவருக்கோ வர வேண்டியது சீக்கிரம் வராது, வந்தாலும் முழுசாக வராது. வெளியே வரும்போது முகம் வெளிறி இருக்கும்.

அவர் மனைவி ஷம்ஷாத்துக்கு இதெல்லாம் சொல்லாமலே தெரிந்தது. ஒரே பாத்ரூம் உள்ள வீட்டில் எதை மறைக்க முடியும்? ஒரு நாள் காலையில் அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் பர்தாவைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றுவிட்டாள். யாருக்கு உடம்பு சரியில்லை என்று இவர் கேட்டார். "எனக்குத்தான், உங்களப் பாத்துப் பாத்து" என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஊசியால் கொஞ்சம் சதையும் எடுத்தார்கள். டாக்டர் ஸ்ரீரங்கன் நிதானமாகப் பேசுகிற மனிதர். ஆண்களுக்குச் சிறுநீர்ப் பைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு சுரப்பி உண்டு, ப்ராஸ்டேட் என்று பெயர், அதில் புற்றுநோய் வந்திருக்கிறது என்றார். இன்னும் எலும்புக்கோ வேறு எங்குமோ போகவில்லை, ஊசியும் கதிர்வீச்சும் கொடுத்தால் கட்டுக்குள் வரும் என்றும் சொன்னார்.

"ஆனா உங்களுக்கு அம்பத்தேழு வயசுதான் ஆகுது. இது வேகமா வளர்ற வகையா வேற இருக்கு. அதனால ஒரு ஜீன் டெஸ்ட்டும் எடுத்துடலாம். குடும்பத்துல யாருக்காவது கேன்சர் இருந்திருக்கா?"

"இல்ல சார். வாப்பாவுக்கு ஹார்ட்டு. அம்மா மஞ்சக் காமாலைல போய்ட்டாங்க, அப்ப எனக்குப் பதினாலு வயசு" என்றார் அத்தாவுல்லா. அவருக்குத் தெரிந்த வரையில் அது சுத்தமான உண்மை.

வீட்டுக்கு வந்தால் தங்கை ஹஃபீசா உட்கார்ந்திருந்தாள். பொழிச்சலூரில் அடுத்த தெருவில்தான் அவள் வீடு. கணவர் தவறிய பிறகு வீட்டிலேயே புர்கா தைத்துக் கொடுத்து யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கிறாள். அண்ணனைவிட மூன்று வயது சின்னவள் என்றாலும் அதிகாரத்தில் முப்பது வயது பெரியவள்.

"இன்னாண்ணா சொன்னாங்க டாக்டரு? மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

அத்தாவுல்லா வாயைத் திறந்தார். எந்த இடம் என்று சொல்ல வேண்டுமே. அம்மா இல்லாத வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான், ஆனால் இடுப்புக்குக் கீழே ஒரு உறுப்பின் பெயரைத் தங்கை முன்னால் சொல்வது அவர் வளர்ந்த வளர்ப்பில் கிடையாது. ஷம்ஷாத் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்லு" என்றார். "கிட்னில கல்லாம்."

மறுநாள் காலையிலேயே வாழைத்தண்டுச் சாறு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. ஹஃபீசா சந்தைக்குப் போய்த் தண்டு பொறுக்கி, நாரெடுத்து, அரைத்து, வடிகட்டி, ஒரு பழைய ஜூஸ் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவருவாள். அவர் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பாள். கதிர்வீச்சுக்குத் தினமும் ஆஸ்பத்திரி போக ஆரம்பித்தபோது, கல்லை மெஷினால் உடைக்கிறார்கள் என்று இன்னொரு பொய்யைச் சொல்லி வைத்தார்.

"திரிசூலம் மலையவே ஒடச்சி முடிச்சிட்டாங்க. உன் கல்லு மட்டும் ஒடய மாட்டேங்குதா?" என்று அவள் கவலைப்பட்டாள். அடுத்த நாள் பாட்டில் இன்னும் பெரிதாக வந்தது.

ஊசி போட ஆரம்பித்ததும் அவருக்குத் திடீர் திடீரென்று உடம்பு கொதித்தது. கழுத்திலிருந்து தலைவரை சூடு ஏறி, மின்விசிறிக்குக் கீழேயே சட்டை நனைந்துவிடும். ஆண்களுக்கு உள்ள ஹார்மோனை அந்த ஊசி நிறுத்திவிடுவதால் அப்படி ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு மத்தியானம் ஷம்ஷாத் ஈரத் துணியால் அவர் பிடரியைத் துடைத்துவிட்டாள். "எனக்கு நின்னப்போ ரெண்டு வருஷம் இதே மாதிரிதான் இருந்துச்சு" என்றாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்றதுக்கு இன்னா கீது அதுல? பொம்பளைங்க சமாசாரம்."

அத்தாவுல்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ரெண்டு வருஷம் பக்கத்திலேயே படுத்திருந்திருக்கிறோம், ஒன்றும் தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு ஆறவே இல்லை.

ஜீன் டெஸ்ட் முடிவு வந்தபோது அதை விளக்கிச் சொன்னது கிறிஸ்டினா என்ற பெண். இந்த மாதிரிப் பரம்பரை விஷயங்களைக் குடும்பங்களுக்குப் புரியவைப்பதுதான் ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை. ஒவ்வொரு மனிதருடைய ஜீனிலும் சின்னச் சின்ன வித்தியாசங்கள் எக்கச்சக்கமாக உண்டு, அதனால்தான் ஒருவர் மூக்கு போல் இன்னொருவர் மூக்கு இல்லை, பெரும்பாலான வித்தியாசங்களால் கெடுதல் இல்லை என்று ஆரம்பித்தார்.

"உங்களுக்கு இருக்கிற வித்தியாசம் கெடுதல் பண்ற வகை, சார். பி.ஆர்.சி.ஏ. டூன்னு ஒரு ஜீன். உடம்புல செல்லுக்குள்ள அடிக்கடி ஏதாவது பழுதாகும். அத ரிப்பேர் பண்றதுல இதுக்கு முக்கியமான பங்கு இருக்கு. அப்பாகிட்டேந்து ஒண்ணு, அம்மாகிட்டேந்து ஒண்ணுன்னு எல்லாருக்கும் ரெண்டு காப்பி. உங்களுக்கு அதுல ஒண்ணு பொறக்கும்போதே வேலை செய்யல."

"என் வண்டில ரெண்டு பிரேக்கு. அதுல ஒண்ணு இல்லாமயே ஓட்டிகினு இருந்தேன்னு சொல்றீங்க."

"கிட்டத்தட்ட அதேதான். இன்னொண்ணும் எங்கயாவது ஒரு செல்லுல போய்டுச்சுன்னா, அங்க கேன்சர் ஆரம்பிக்கலாம். இந்த மாற்றம் இருக்கிற எல்லாருக்கும் வரும்னு இல்ல. ஆனா மத்தவங்களவிட வாய்ப்பு அதிகம்." கிறிஸ்டினா கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "கூடப்பொறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தங்கச்சி. ஆனா இது ஆம்பளைங்க நோய்தானே?"

"ப்ராஸ்டேட் ஆம்பளைங்களுக்குத்தான் சார். ஜீன் எல்லாருக்கும் பொது. உங்க தங்கச்சிக்கும் இதே மாற்றம் இருக்கிறதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெண்களுக்கு இது மார்பகத்துலயும் சினைப்பையிலயும் கேன்சர் வர்ற வாய்ப்பக் கூட்டும். முன்னாடியே தெரிஞ்சா பாதுகாக்க நிறைய வழி இருக்கு. சீக்கிரம் அவங்ககிட்ட சொல்லுங்க."

சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தார். சவூதியில் இருக்கும் மகன் அஃப்தாபிடம் அன்றைக்கே ஃபோனில் சொல்லிவிட்டார். அவன், லீவில் வரும்போது டெஸ்ட் எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் உடம்பைப் பாருங்கள் என்றான். ஆணுக்கு ஆண், ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. தங்கையிடம் சொல்வதற்கோ, முன்பு ஒரு இடத்தின் பெயர்தான் தடையாக இருந்தது, இப்போது மூன்றாகிவிட்டது. மார்பகம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சினைப்பை என்பதை அவர் அதுவரை வாயால் உச்சரித்ததே இல்லை.

ஷம்ஷாத்திடம் கெஞ்சிப் பார்த்தார். அவள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "நாத்தனார்கிட்ட போய், உங்க வூட்டு ரத்தத்துல நோய் கீதுன்னு நான் சொல்லணுமா? நல்லா இருக்கும். காலத்துக்கும் என்னைப் பேசுவாங்க. உங்க தங்கச்சி, நீங்க சொல்லுங்க."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஹஃபீசா வீட்டுக்குப் போனார். பொழிச்சலூரில் தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது எல்லாரும் பேச்சை அப்படியே நிறுத்தி, சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். "ஹஃபீ, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று இவர் ஆரம்பித்த நேரத்துக்கு ஒன்று இறங்கியது. சத்தம் போய்விட்டது. தங்கை தையல் மெஷினிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "நேத்து குடுத்துவுட்ட மீன் குழம்பு நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் சரியாக இல்லை. தன் நோயை நினைத்துக்கூட அவர் அவ்வளவு பயப்படவில்லை. தினமும் பாட்டிலோடு வந்து நிற்கும் அவளைப் பார்க்கும்போதெல்லாம், இப்போது இந்த நிமிஷம் அவள் உடம்புக்குள் ஏதாவது ஆரம்பித்திருக்குமோ என்று பயந்தார். தன் வெட்கத்துக்கு அவள் உயிரை விலையாக வைக்கிறோம் என்று தெரிந்தது. தெரிந்தும் வாய் வரவில்லை.

வழி அவர் தொழிலிலேயே இருந்தது, அவருக்குத்தான் உறைக்க நாளாயிற்று. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவரிடம் சொல்லாத கதை இல்லை. மாமியார் கொடுமை, ஆபீஸ் தகராறு, காதல், விவாகரத்து, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வண்டிக்குள் யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. கண் ரோட்டில் இருக்கும்போது நாக்கு தன்னால் அவிழ்ந்துவிடும். ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் சொந்தத் தங்கைக்குக் கற்றுக்கொடுக்கவில்லை என்பதும் அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறாள். பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லியே காலம் ஓடிவிட்டது.

"என்னது, இந்த வயசுலயா?" என்றாள் ஹஃபீசா. ஆனால் எல்.எல்.ஆர். எடுக்கப் போட்டோ கேட்டதும் ஸ்டூடியோவுக்குப் புது துப்பட்டா போட்டுக்கொண்டு போனாள்.

மாடம்பாக்கம் தாண்டி, மனை பிரித்துக் கல் நட்டு, இன்னும் வீடு எதுவும் எழும்பாத ஒரு லேஅவுட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனார். தார் ரோடு அகலமாக இருக்கும், குறுக்கே வருவதற்கு நாலு மாட்டைத் தவிர யாரும் இல்லை. முதல் நாள் வண்டி குதித்துக் குதித்து நின்றது. இரண்டாம் நாள் ஒரு தெரு முழுக்க ஓட்டிவிட்டாள். ஓட்டி முடித்து ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். இவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்துப் பல வருஷமாயிற்று. இந்தச் சிரிப்பை நிறுத்தவா இங்கே கூட்டிவந்தோம் என்று அத்தாவுல்லாவுக்குத் தோன்றியது. அன்றைக்கும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை.

ஒரு நாள் அவள் சாற்றை வண்டிக்கே கொண்டுவந்துவிட்டாள். முதல் கியரில் ஊர்ந்துகொண்டே, "அந்தப் பாட்டில எடுத்துக் குடிண்ணா, சூடாவறதுக்குள்ள" என்றாள்.

அவர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறக்கவில்லை.

"இன்னா, இன்னிக்கு வேணாமா? கல்லு கரைய வேணாமா?"

"கல்லே இல்ல, ஹஃபீ."

என்ன நடந்தாலும் கண் ரோட்டிலேயே இருக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்திருந்தார். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு, "பின்ன?" என்றாள்.

"கேன்சர். ப்ராஸ்டேட்டுல."

"அது எங்க கீது?"

அத்தாவுல்லா பக்கத்துக் கண்ணாடி வழியாக மனைக் கற்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆம்பளைங்களுக்கு மட்டும் இருக்கறது. மூத்திரப் பைக்குக் கீழ." சொல்லி முடித்ததும் மூச்சு விட்டார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. வண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

ஹஃபீசா கேட்டாள். "அதுக்கா நான் தெனமும் வாழத்தண்டு அரைச்சிகினு இருந்தேன்?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"இன்னும் பொய் சொல்லாதண்ணா. நானே ஒரு நாள் குடிச்சுப் பாத்தேன், வாந்தி வந்துச்சு." குரல் உடைந்து, அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "உயிருக்கு ஏதாவது..."

"அதெல்லாம் இல்ல. மருந்து கேக்குது. உன்கிட்ட சொல்ல வேண்டியது வேற ஒண்ணு." இப்போது நிறுத்தினால் இனி எப்போதும் வராது என்று தெரிந்து, கிறிஸ்டினா சொன்னதையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தார். ஜீன், ரெண்டு காப்பி, பாதிக்குப் பாதி. மார்பகம் என்றார். சினைப்பை என்றார். காது மடல் வரை சூடு ஏறியது. அது ஊசியாலா வெட்கத்தாலா என்று அவருக்கே தெரியவில்லை. "வாப்பா வழியா அம்மா வழியான்னு தெரியல. நம்ம வூட்டுல யாருக்கும் இருந்ததில்ல. அம்மாவுக்கு வெறும் காமாலைதானே."

ரோடு முடிந்துவிட்டது. ஹஃபீசா ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வண்டியை அழகாகத் திருப்பினாள். திருப்பி நேராக்கிய பிறகு சொன்னாள்.

"காமாலை கடசில வந்தது. மொதல்ல மார்ல கட்டி."

"இன்னா சொல்ற?"

"கட்டி, அப்புறம் புண்ணு. யாருக்கும் காட்டல. வாப்பாவுக்கே ரொம்ப நாள் தெரியாது. நான்தான் ஸ்கூல்லேந்து வந்து கட்டுத் துணி மாத்திவுடுவேன். நீ கிரிக்கெட் ஆடப் போயிருப்ப. அண்ணன் வர்றதுக்குள்ள தோச்சிப் போட்டுடும்மான்னு அம்மா சொல்லும்."

அத்தாவுல்லாவுக்கு அந்த வீட்டு வாசனை ஞாபகம் வந்தது. எப்போதும் டெட்டால் மணக்கும். அம்மா ரொம்பச் சுத்தக்காரி என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

"என்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"ஆம்பளப் புள்ளகிட்ட அதப் போய்ச் சொல்ல முடியுமான்னு அம்மா கேட்டுச்சு. யார்கிட்டயும் சொல்லாதன்னு என் கையப் புடிச்சி சத்தியம் வாங்கிச்சு. எனக்குப் பதினொண்ணு. நான் யார்கிட்டயும் சொல்லல. எங்க வூட்டுக்காரர்கிட்ட கூட சொல்லல."

அவருக்கு எதிரில் இருந்த ரோடு கலங்கிப்போயிற்று. தான் தெருவில் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது பதினோரு வயசுக் குழந்தை ஒன்று தனியாக உட்கார்ந்து அதைத் துவைத்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் அதை இத்தனை காலம் சுமந்தும் இருக்கிறது. கால் தன்னால் பிரேக்கை அழுத்தியது. வண்டி நின்று, எஞ்சினும் ஆஃப் ஆனது. அத்தாவுல்லா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அம்மா இறந்தபோது, ஆம்பளப் புள்ள அழக் கூடாது என்று யாரோ சொன்னதால் நிறுத்திவைத்த அழுகையும் அதில் சேர்ந்து வந்தது.

ஹஃபீசா ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள். அதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். துப்பட்டா நுனியால் அண்ணன் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"நீயாண்ணா நிறுத்தின?"

"ஆமா, நான்தான்" என்றார்.

"நானோன்னு நெனச்சேன்."

"நீ டெஸ்ட் எடுக்கணும், ஹஃபீ. உனக்கு எதுவும் இருக்காது. ஆனா எடுக்கணும். அம்மா சொல்லாம போச்சு. நீயும் நானும் அப்டி இருக்கக் கூடாது."

அவள் பயந்திருந்தாள். ஆனாலும் அவர் மடியிலிருந்த பாட்டிலை வாங்கி, கதவைத் திறந்து, அத்தனை சாற்றையும் தரையில் கொட்டினாள். "எப்ப போலாம்?" என்றாள்.

ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் இருவரும் தினமும் லேஅவுட்டுக்குப் போனார்கள். பேசப் பேச அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தாள். இவருக்குத் தெரிந்த அம்மா வேறு, அவளுக்குத் தெரிந்த அம்மா வேறு. இவருடைய அம்மா நிலா மாதிரி முகத்தோடு எப்போதும் பாடிக்கொண்டிருப்பவள். அவளுடைய அம்மா வலியில் தலையணையைக் கடித்துக்கொண்டு, அண்ணன் செருப்புச் சத்தம் கேட்டதும் பாட ஆரம்பிப்பவள். அதைக் கேட்ட அன்று அத்தாவுல்லா பாடம் எதுவும் நடத்தவில்லை. இருவரும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்கள்.

ஹஃபீசாவுக்கும் அதே மாற்றம் இருந்தது. கிறிஸ்டினா அதைச் சொல்லும்போது அவள் அண்ணனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் மார்பகத்தில் எடுத்த ஸ்கேனும் வயிற்றில் எடுத்த ஸ்கேனும் சுத்தமாக இருந்தன. எங்கேயும் ஒன்றும் ஆரம்பிக்கவில்லை. இனி வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும், சினைப்பையை எடுத்துவிடுவது நல்லது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்கள். "எடுத்துடுங்க, அது செய்ய வேண்டிய வேலையெல்லாம் செஞ்சி முடிச்சிடுச்சு" என்றாள். அண்ணன் பக்கத்தில் இருக்கிறான் என்ற கூச்சமே அவளுக்கு இல்லை. அவருக்கும் இல்லை. பிறகு அவளே கேட்டாள்.

"எங்க அம்மாகூடப் பொறந்தவங்களுக்கும் இருக்குமா, டாக்டரம்மா?"

"இருக்கலாம். அவங்க பிள்ளைங்களுக்கும் இருக்கலாம். ஆண், பெண் ரெண்டு பேருக்கும்."

கீழே வந்து வண்டியில் ஏறினார்கள். ஹஃபீசா ஃபோனை எடுத்து, வாணியம்பாடியில் இருக்கும் சின்னம்மா மகள்கள் இருவரோடும் அங்கேயே பேசி முடித்தாள். அழுகை, ஆறுதல், எந்த ஆஸ்பத்திரி என்கிற விவரம் எல்லாம் முடிந்தன. மிச்சம் இருந்தது தாய்மாமன் மகன் முதாசிர். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மிக்ஸி, கிரைண்டர் விற்கிறவன். ஹஃபீசாவைப் பார்த்தால் சலாம் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வான். இருவரும் நேராக நாலு வார்த்தை பேசிப் பல காலமாயிற்று.

"குடு, அவன்கிட்ட நான் பேசறேன்" என்று அத்தாவுல்லா கையை நீட்டினார். "அவன் ஆம்பள."

"நீ பேசினா கல்லுன்னு ஆரம்பிப்ப" என்று சொல்லி, அவள் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள்.

சந்தை இரைச்சலோடு முதாசிர் குரல் வந்தது. "சொல்லுங்கக்கா. நல்லா கீறீங்களா? மச்சானுக்குக் கல்லு எப்டி கீது?"

"கல்லு கெடக்கட்டும். உன்னை ஒண்ணு கேக்கறேன், வெக்கப்படாம பதில் சொல்லணும்." ஹஃபீசா ஒரு முறை மூச்சை இழுத்துக்கொண்டாள். "உனக்கு ஒண்ணுக்கு ஒழுங்கா போவுதா?"

அத்தாவுல்லா பதறிப்போய்ச் சுற்றும் முற்றும் பார்த்தார். ஃபோனில் யாரோ விலை கேட்கும் சத்தம் வந்தது, பிறகு அதுவும் தள்ளிப்போயிற்று. அவன் கடையை விட்டு எங்கோ ஓரமாக நடக்கிறான் என்று புரிந்தது. திரும்பப் பேசியபோது குரல் மிகவும் இறங்கியிருந்தது.

"அக்கா... உங்களுக்கு யாரு சொன்னா? நான் வூட்ல கூட யார்கிட்டயும் சொல்லலியே."

ஹஃபீசா அண்ணனைப் பார்த்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருகினார்.

"யாரும் சொல்லலடா" என்றாள். "நீ அங்கயே இரு. நானும் அண்ணனும் வந்துகினு இருக்கோம்."